புளியில் கழுவிய சூரியன்

என் எழுதுமேசையில், மின்விசிறிக் காற்றுக்குக் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு வெள்ளை பிளாஸ்டர் வில்லையை வைத்திருக்கிறேன். தேநீரில் தோய்த்துத் தின்னும் பிஸ்கட் அளவு. ஒரு விரல் கனம். அதன் நடுவே, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சதுரம் ஒன்று மேடாக நிற்கும். சதுரத்துக்குள் வலப்பக்கம் பார்த்து நடக்கும் யானை. யானையின் முதுகுக்கு மேலே, விளிம்பை ஒட்டி, ஒரு சின்னக் குழி. வில்லையின் பின்புறம் பென்சிலால் நாள், தோட்டத்தின் பெயர், காசின் எடை, 'கித்தாப் பால் அச்சு' (ரப்பர் பாலில் எடுத்த அச்சு) என்று வரிசையாக எழுதியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு சொற்கள்: 'கழுவிய பின்'. அந்த இரண்டு சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கழுவ ஏற்பாடு செய்தவன் நான்தான்.

எழுத்து என் அண்ணியுடையது. அண்ணனின் மனைவி. சபாக் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில், கொப்பரை காயவைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கோலாலம்பூரில் வரலாறு படித்து, அங்கேயே விரிவுரையாளராகி, பழங்காசு ஆராய்ச்சிக்கென்று தனியாக இரண்டு வருடம் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர். எனக்குத் தெரிந்து, இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்களில் அந்தத் துறைக்குள் முதலில் கால் வைத்தவர் அவர்தான். அவர் கப்பல் ஏறியது திருமணமாகி ஒன்றரை வருடத்தில். அப்போது அண்ணன் ரவாங்கில் சிமெண்டு ஆலையில் ஃபிட்டராக இருந்தார். தானே சமைத்து, தானே துவைத்து, ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவரிடம் கூட்டாளிகள், "என்னலா, பொண்டாட்டி காசு பொறுக்கப் போயிருக்காமே" என்று கேட்பார்கள். "ஆமாலா. பழைய காசு அவ பொறுக்குறா, புதுக்காசு நான் பொறுக்குறேன். குடும்பம் நடக்குதில்ல" என்பார் அண்ணன். அண்ணியின் வெற்றியில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

அந்தக் காலத்தில் பழங்காசு என்றால் இங்கே பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் உலகம். ஓய்வு பெற்ற அதிகாரிகள், நகை வியாபாரிகள், ஒரு சில வெள்ளைக்காரத் துரைமார். அவர்கள் காசைப் பார்த்ததும் முதலில் கேட்பது விலையை. அண்ணி கேட்பது வேறு. 'எங்கே கிடைச்சது, யார் எடுத்தா, எப்ப எடுத்தா?' இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத காசு, எவ்வளவு பழையதானாலும், அவருக்கு ஊர்பேர் தெரியாத பிள்ளை மாதிரி. இரக்கத்தோடு பார்ப்பார், ஆனால் அதை வைத்து எதையும் நிரூபிக்க மாட்டார். அவருடைய கைப்பையில் கிள்ளானில் ஒரு கடிகாரக் கடைக்காரரிடம் வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடி, நகைக்கடைத் தராசு ஒன்று, மூங்கில் குச்சிகள், அச்செடுக்கும் களிமண், பால்மாவு டின்னில் பிளாஸ்டர் பொடி எல்லாம் இருக்கும். முகப்பவுடர் இருந்து நான் பார்த்ததில்லை. காசைக் கையில் எடுத்தால், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையைப் பிடிப்பதுபோல் விளிம்பை மட்டும் பிடிப்பார்.

நான் அப்போது அசாம் ஜாவாவுக்கு உள்ளே, ஆற்றுப்பக்கமாக இருந்த ஒரு தோட்டத்தில் கிராணி, அலுவலகக் குமாஸ்தா. பாதிக் காடு கித்தாப் பால்மரம், பாதிக் காடு செம்பனை. அலுவலகக் கணக்கு போக, என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்கு மழை பிடித்தது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்று நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கையில் கிடைத்த வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் படிப்பேன். தோட்டத்துக் கோயில்களைப் பற்றி ஞாயிறு இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவேன். சில சமயம் போடுவார்கள். "என் தம்பி தும்மினாகூட மணி பார்த்துத்தான் தும்முவான்" என்று அண்ணன் கேலி செய்வார். அந்த நோட்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. கீழே எழுதுவது எல்லாம் அவற்றைப் பார்த்து எழுதுவதுதான்.

எண்பத்து நான்காம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருப்பணி தொடங்கியது. பழைய சிமெண்டுப் பீடத்தை எடுத்துவிட்டுக் கருங்கல் பீடம் வைப்பதாகக் கோயில் தலைவரான மண்டோர் முடிவு செய்திருந்தார். பால்வெட்டு ஆட்களை மேய்ப்பவர். குரலாலேயே மரத்தை அசைப்பார். பீடத்தைப் பெயர்த்தபோது அடியில் ஒரு மண்கலசம் இருந்தது. அதற்குள் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சில்லறைகள், நெல், ஒரு வெள்ளிக் கம்பி. கலசத்தை வெளியே எடுத்தபின் குழியைச் சுத்தம் செய்யும்போது, அதற்கும் கீழே, மண்ணோடு மண்ணாக ஒரு சதுரச் செப்புக்காசு. நான் உடனே அளவுகோலைக் கொண்டுவந்து அளந்தேன். கலசத்தின் அடிப்பாகத்திலிருந்து சரியாக நான்கு அங்குலம் கீழே. இடையில் நல்ல கெட்டி மண்.

அன்று மாலையே அண்ணிக்குக் கடிதம் எழுதினேன். காசின் இரு பக்கத்தையும் வரைந்தேன். ஒரு பக்கம் யானை, யானைக்கு மேலே ஒரு சூரியன். மறுபக்கம் வில்லும் அம்பும். பழங்காலச் சேரர் காசுகளில் யானைக்கு மேலே இப்படிச் சின்னங்கள் இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். காசு கலசத்துக்கும் கீழே இருந்ததால், அது கோயிலுக்கு முந்தியது, ஆகவே இந்த ஆற்றங்கரை மண்ணுக்கே சொந்தமானது என்று எழுதி, அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடும் போட்டேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் தமிழ் வணிகரின் கப்பல் வந்து நின்றதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவன் நான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றும் நோட்டில் இருக்கிறது.

அண்ணியிடமிருந்து பதில் நான்காம் நாள் வந்தது. காசைக் கையால் தொடாமல் காகித உறையில் போட்டு வைக்கும்படியும், பரீட்சைத் தாள்கள் முடிந்ததும் வருவதாகவும் எழுதியிருந்தார். ஆனால் மாதங்கள் ஓடின. அண்ணனின் கார் படுத்தது. ஜூலையில் தலைநகரில் ஒரு கருத்தரங்கு; நிகழ்ச்சி நிரல் ஏப்ரலிலேயே அச்சுக்குப் போயாக வேண்டும். அண்ணி என் கடிதத்தையும் படத்தையும் நம்பி, 'சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் பழங்கால வணிகர் இறக்கிய ஒரு சேரர் காசு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் அவர் துறையில் மூத்த விரிவுரையாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. காசு ஆராய்ச்சியைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட, இந்தக் கட்டுரை நன்றாக அமைந்தால் பேச்சுக்கு இடமிருக்காது என்று சொல்லியிருந்தார்களாம். அண்ணன்தான் போனில் சொன்னார். "உன் நாலு அங்குலத்துலதாண்டா உங்க அண்ணி நிக்கிறா" என்றார்.

கும்பாபிஷேகம் ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு. புதுப் பீடம் வைப்பது அதற்கு முந்திய வியாழக்கிழமை, ஒன்றரை மணி ராகு காலத்துக்கு முன்னால். பழைய குழியில் இருந்தவை எல்லாம் மீண்டும் புதுப் பீடத்தின் அடியில் போக வேண்டும் என்பது கோயில் வழக்கம். அம்மனுக்குக் கொடுத்தது அம்மனுக்கு. பீடம் உட்கார்ந்துவிட்டால் இனி எப்போது திறக்குமோ தெரியாது. எனவே வியாழன் காலைதான் அண்ணிக்குக் கிடைத்த ஒரே பொழுது. அதற்கு முந்திய திங்கட்கிழமை, உறையைப் பிரித்துக் காசை மண்டோரிடம் கொடுத்தேன். பச்சைக் களிம்பு ஏறி, மண் பற்றி, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. "அண்ணி வர்றாங்க மண்டோரே. கொஞ்சம் பார்வையா இருக்கட்டும்" என்று நான் சொன்னதும் நோட்டில் இருக்கிறது. வேண்டுமானால் மறைத்திருக்கலாம். ஆனால் ஒரு வரியை மறைத்தால் மற்ற வரிகளை யார் நம்புவது?

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு அண்ணனின் கார் கோயில் வாசலில் வந்து நின்றது. மண்டோர் வேட்டியும் துண்டுமாகத் தயாராக இருந்தார். அம்மன் தட்டில் செம்பருத்திப் பூ பரப்பி, நடுவில் காசை வைத்து நீட்டினார்.

"வாங்கம்மா. பாருங்க, நேத்து அடிச்ச காசு தோத்துடும்லா."

உண்மைதான். புதிய ஒரு சென் செப்புக்காசு போலத் தகதகவென்று மின்னியது. அண்ணி தட்டைப் பார்த்தார். தட்டை நீட்டியவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் நீளத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை.

"யாரு கழுவினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

மண்டோரின் சம்சாரம் பெருமையோடு முன்னால் வந்தார். "நான்தாம்மா. மொத சாம்பல்ல தேச்சேன், அசையல. அப்புறம் குத்துவிளக்கு, தூபக்கால் எல்லாத்தோடயும் சேர்த்து கெட்டிப் புளியில ஊறப் போட்டுட்டுப் பால்வெட்டுக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா ஜொலிக்குது."

அண்ணி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கைப்பை. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"தம்பி, ரெண்டாயிரம் வருசமா மண்ணு பார்த்துப் பார்த்துப் போட்ட சட்டை. ஒரே காலையில அவுத்துட்டீங்களே. பாருங்க, யானை வெக்கப்பட்டு நிக்கிது."

"தொடாதீங்கன்னுதானே அண்ணி எழுதியிருந்தீங்க, கழுவாதீங்கன்னு எழுதலையே" என்றேன். இதைவிட மோசமான வாதத்தை நான் என் ஆயுளில் செய்ததில்லை.

அந்தப் பச்சைக் களிம்பிலும் அதில் ஒட்டியிருந்த மண்ணிலும்தான் காசு எந்த மண்ணில் எவ்வளவு காலம் கிடந்தது என்ற கதை இருந்திருக்கும் என்று அவர் பிறகு பொறுமையாக விளக்கினார். அதையெல்லாம் புளி தின்றுவிட்டது. ஆனால் அவர் நேரத்தை வீணாக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். சேரர் காசுதான், சந்தேகமில்லை என்றார். அதற்கப்புறம், கைப்பையிலிருந்து நான் அனுப்பிய படத்தை எடுத்தார். படத்தையும் காசையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, உங்க சூரியன் எங்க?"

குனிந்து பார்த்தேன். யானைக்கு மேலே நான் சூரியன் வரைந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டை வழியாக அந்தப் பக்கம் செம்பருத்தியின் சிவப்புத் தெரிந்தது.

"சூரியனையும் புளி தின்னுடுச்சு போலருக்கு" என்றார் அண்ணன்.

"அது ஓட்டைதான்லா" என்றார் மண்டோர் சம்சாரம். "மண்ணு அடைச்சிக் கெடந்துச்சு. ஊக்கால குத்தினேன். நூலோட வந்துச்சு."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன நூலு?"

"கறுப்பு நூலு. இத்தினியூண்டு."

"அத எங்கம்மா போட்டீங்க?"

"எங்க போடுறது? புளிச்சக்கையோட குழாயடியில."

அதன்பின் நடந்ததை எங்கள் தோட்டத்தில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்து அம்மா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, குழாயடிக் கற்பூரவள்ளிச் செடியின் அடியில் உட்கார்ந்து, காய்ந்த புளிச்சக்கையை மூங்கில் குச்சியால் கிளறினார். எதிரே மண்டோர் சம்சாரம். கழுவியது செவ்வாய்க்கிழமை. அன்று மாலையும் புதனன்றும் மழை இல்லை. என் நோட்டில் அதைப் பார்த்துச் சொன்னேன். "உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கீங்க" என்றார் அண்ணி, தலை நிமிராமல். கால் மணி நேரத்தில் மண்டோர் சம்சாரமே கண்டெடுத்தார். விரல்நகம் நீளத்துக்கு ஒரு நூல் துணுக்கு. அண்ணியின் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்தபோது அதன் ஓரத்தில் பச்சை படிந்திருப்பது தெரிந்தது. வெறும் நூல் இந்த ஊர் ஈரமண்ணில் சில வருடத்திலேயே மக்கிப் போகும். செம்போடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பச்சையே அதைக் காப்பாற்றும் என்று அண்ணி சொன்னார். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையில் சின்ன முடிச்சு.

மண்டோர் சம்சாரம் முடிச்சைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது அரணாக்கயித்து முடிச்சும்மா. எங்க மாமியா இப்படித்தான் போடும். என் பிள்ளைங்களுக்கும் அதுதான் போட்டு விட்டுச்சு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமியார் உயிரோடு இருந்தபோது சொன்னதைச் சொன்னார். கோயில் கட்டுவதற்கு முந்தி லயத்து வீடுகளில் காய்ச்சல் கண்டு நிறையப் பிள்ளைகள் செத்துப் போயின. பிழைத்த பிள்ளைகளின் தாய்மார் எல்லாம், கோயிலுக்குக் குழி வெட்டியதும், பிள்ளையின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் குழியில் போட்டார்கள். "மொத கயிறு. அதுமேல ஒரு கூடை மண்ணு. அதுக்கு மேலதான் கலசம் வெச்சாங்களாம்."

ஒரு கூடை மண். நான் சிவப்பு மையால் கோடு போட்ட நான்கு அங்குலம் அதுதான்.

அண்ணி நூலைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். காசு சேர நாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு அடித்ததுதான். கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் இத்தகைய காசுகள் அகப்படுவதுண்டு. யாரோ அதைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, பிள்ளையின் இடுப்பில் கட்டி, அந்தப் பிள்ளையோடு கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள். பழங்கால வணிகர் யாரும் அதை இந்த ஆற்றுமுகத்தில் இறக்கவில்லை. அதாவது, அண்ணியின் அச்சான தலைப்பு பொய். கருத்தரங்குக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் மண்டோர். இரண்டாயிரம் வருடம் என்று கோயில் வாசலில் பலகை எழுத ஆளே பேசி வைத்திருந்தவர் அவர். "அம்மா, நூலு சின்னதுதானே. ரெண்டாயிரம் வருசம்னே போட்டுடுங்களேன். பேப்பர்ல வரட்டும்."

"ரெண்டாயிரம் வருசம் காசுக்கு மண்டோரே. கோயிலுக்கு இல்ல. கோயில் கட்டினது எப்ப?"

"நான் பொறந்து மறு வருசம்." சொல்லிவிட்டு மண்டோர் நின்றுவிட்டார். "எனக்கும் காய்ச்சல் கண்டிருக்கு. எங்கம்மா சொல்லும்."

"அப்ப அது இவரு கயிறாக்கூட இருக்கும்" என்றார் சம்சாரம். "காசு கோத்த பிள்ளைங்க ரெண்டு மூணு பேருன்னுதான் மாமியா சொல்லும். மத்ததுக்கெல்லாம் வெறுங்கயிறு."

மண்டோரின் முகத்தில் சேர மன்னர்கள் மறைந்து வேறொரு வெளிச்சம் வந்தது. "அப்படின்னா எழுதிடுங்கம்மா. என்னோடதுன்னு."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"என் இடுப்புதான்லா ஆதாரம்."

"அதை நான் அச்செடுக்க முடியாதே" என்றார் அண்ணி. குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம்.

அச்செடுக்க வேண்டியது காசு மட்டும்தான். அதற்கும் ஒரு தடை. கைப்பையில் இருந்த அச்சுக் களிமண்ணை அண்ணியின் சின்ன மகள் முந்திய நாள் எடுத்துப் பாம்பும் முட்டையும் செய்து, மண்ணில் புரட்டி வைத்திருந்தாள். மணி பத்தரை. அப்போதுதான் எனக்குக் கித்தாப் பால் ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், உறைய வைக்கும் மருந்து கலப்பதற்கு முன்பே, பால் வடியும் கிண்ணமான மங்கு ஒன்று நிறையப் பால் வாங்கி வந்தேன். அண்ணி கோழி இறகால் காசின் மேல் மெல்லியதாகத் தடவி, வெயிலில் காயவிட்டு, மீண்டும் தடவி, நான்கு ஐந்து பூச்சு பூசினார். பால் கொட்டகைக்குள் செம்புப் பாத்திரமும் பித்தளைப் பாத்திரமும் கொண்டுவரக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். செம்பு பட்ட கித்தா நாளடைவில் பிசுபிசுத்து உருகிவிடும். நான் அதைச் சொன்னதும், "இப்ப ஒரு மணி நேரம் தாங்கினா போதும் தம்பி, அதுக்குள்ள பிளாஸ்டர் ஊத்திடலாம்" என்றார். பன்னிரண்டே காலுக்குக் காய்ந்த கித்தாத் தோலைப் பிளாஸ்திரி போல உரித்தார். யானையின் கண்கூட அதில் விழுந்திருந்தது. இரண்டு வில்லைகள் வார்த்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. காசு கையில் கிடைத்தது முதல் நடந்த அத்தனையும் காசோடு சேர்ந்தது என்று சொல்லி, பின்புறத்தில் 'கழுவிய பின்' என்று எழுதியதும் அப்போதுதான். கித்தாத் தோல், நான் சொன்னது போலவே, ஆறு மாதத்தில் அவருடைய மேசை இழுப்பறையில் ஒட்டிக்கொண்டு போயிற்று.

காசை அருங்காட்சியகத்துக்குக் கேட்டிருந்தால் மண்டோர் கொடுத்திருப்பார். அண்ணி கேட்கவில்லை. மண்டோர் சம்சாரத்திடம் பழைய நூல் துணுக்கை மட்டும் கேட்டு வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். பதிலுக்கு, புதுக் கறுப்பு நூலை முறுக்கிக் காசில் கோத்து, அதே முடிச்சைப் போடச் சொன்னார். மண்டோரே குழியில் இறங்கிக் காசை வைத்தார். அதன்மேல் ஒரு கூடை மண். மண்ணின் மேல் கலசம். ஒன்று பத்துக்குப் பீடம் உட்கார்ந்தது.

அசாம் ஜாவா முச்சந்தியில் மீ கோரெங் சாப்பிட நிறுத்தியபோது நான் மன்னிப்புக் கேட்டேன். இடையில் அண்ணன் நுழைந்தார். "நான் ஒண்ணு சொல்லவா? அந்த நூலை இப்படியே ஆத்துல விட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது? போஸ்டு கிடைச்சதும் மெதுவா உண்மையைச் சொல்லிக்க."

"உங்க தம்பி நோட்டுல ஏத்திட்டாரே. அம்மனே வந்து சொன்னாலும் இனிமே அழிக்க மாட்டாரு" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அளந்தது சரி தம்பி. அளந்ததுக்கு அர்த்தம் சொன்னதுலதான் அவசரம். அந்த அவசரம் எனக்கும் இருந்துச்சு. பார்க்காத காசுக்குத் தலைப்புக் கொடுத்தது நான்தானே" என்றார். என் தட்டில் இருந்த கடைசி இறாலை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். தண்டனை அவ்வளவுதான்.

ஜூலைக் கருத்தரங்குக்கு நானும் போனேன். மூன்றாம் வரிசையில், இடப்பக்கம் இரண்டாவது நாற்காலி. அண்ணி எழுந்து சொன்ன முதல் வாக்கியம், கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலில் தன் தலைப்பை அடித்துவிடும்படி. மண்டபத்தில் சலசலப்பு. பிறகு குழி, கலசம், ஒரு கூடை மண், புளி, ஊக்கு, நூல் என்று நடந்த வரிசையில் நடந்ததைச் சொன்னார். புளி வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நூல் வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய சேகரிப்பாளர், "ஓட்டை விழுந்த காசுக்குச் சந்தையில் மதிப்பே இல்லையே" என்றார். "ஆமாம் ஐயா. நான் படித்தது ஓட்டையைத்தான்" என்றார் அண்ணி.

அந்த வருடம் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அறிவித்த தலைப்பைத் திரும்பப் பெற்றது அவசரப்புத்தி என்று ஒருவர் குறிப்பு எழுதினாராம். அண்ணி அதைப் படித்துவிட்டு, அவசரப்புத்தி என்பது சரி, எந்த இடத்தில் என்பதுதான் தவறு என்றார். பதவி அவருக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. வந்ததற்குக் காரணமும் அந்த நூல்தான். கூலிக்கு வந்தவர்களின் இடுப்பிலும் தாலியிலும் முடிச்சிலும் கடல் தாண்டிய பழங்காசுகளை யாரும் அதுவரை தேடிப் பார்த்ததில்லை. அண்ணி தேடினார். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டம் தோட்டமாக. அண்ணன் காரோட்டுவார், நான் நோட்டோடு பின்சீட்டில். ஒரு சோழர் காசு ஒரு மளிகைக் கடைத் தராசில், தட்டு சமமாக நிற்பதற்காக ஒட்டவைத்திருந்தது. கடைக்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டார், தராசு சாய்ந்துவிடுமாம். அண்ணி கடை மூடும் வரை காத்திருந்து அங்கேயே அச்செடுத்தார். அந்தக் காசுகளைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் இன்றும் பிற நாட்டு ஆய்வாளர்கள் அவரைத் தேடி வரக் காரணம். தோட்டங்களுக்கு அவர் அனுப்பிய துண்டுத்தாளில் முதல் வரி, கொட்டை எழுத்தில்: 'கழுவாதீர்கள்'.

அடுத்தடுத்த கும்பாபிஷேகங்களில் பீடத்தைச் சுற்றி அஷ்டபந்தன மருந்து மட்டும்தான் சாத்தினார்கள். பீடம் அசையவில்லை. போன வருடம் தோட்டம் வீடமைப்புக்குப் போய், கோயிலைச் சாலையோரத்துக்கு மாற்றும்போதுதான் பெயர்த்தார்கள். இப்போது தலைவர் மண்டோரின் கடைசி மகன். ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை. காலை பத்து இருபதுக்குக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"கிராணி அங்கிள், கீழ ஒரு ஓல்டு காசு இருக்குலா. ரொம்ப டர்ட்டி. கிளீன் பண்ணிடவா?"

"தொடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "உங்கம்மா ஒரு தடவை பண்ணினதே போதும். படம் எடுத்து அனுப்பு. அப்புறம் அதே இடத்துல வெக்கிற மாதிரி புதுக் கோயில்லயும் வெச்சிடு. மொத காசு, அதுமேல..."

"ஒரு கூடை மண்ணு. அப்பா சொல்லியிருக்காருலா அங்கிள். அது அவரு காசுன்னும் சொல்லியிருக்காரு."

படம் வந்தது. வில்லையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வில்லையில் இருப்பது அந்த ஒரு வியாழக்கிழமையின் யானை. சட்டையில்லாமல், ஓட்டை தெளிவாக. படத்தில் இருந்த யானை இந்த வருடங்களில் மறுபடியும் பச்சைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. சுங்கை சோவில் இருக்கும் அண்ணிக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். வயதானாலும் கேள்விகள் மாறவில்லை. எங்கே, யார், எப்போது. சொன்னேன். கலசத்துக்கு எவ்வளவு கீழே என்றார். பையன் அளக்கவில்லை என்றேன்.

"உங்க ஸ்கேலைக் கொடுத்து விட்டிருக்கலாம்ல" என்றார்.

"அண்ணி, படத்தை நல்லாப் பெருசாக்கிப் பாருங்க. ஓட்டையில மண்ணு அடைச்சிருக்கு. யானைக்கு மேல சூரியன் தெரியுது."

அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, கோயில் வாசல் பெஞ்சில் கேட்ட அதே சிரிப்பு.

"நோட்டுல எழுதி வெச்சுக்குங்க தம்பி. இந்த வாட்டி யாருக்கும் லெட்டர் மட்டும் போட்டுடாதீங்க."